மூச்சுக்குப் பத்து வருடம்

செங்கமலம் விழித்தபோது அவள் புருஷன் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தான். செத்துப் பத்து வருடம் ஆகப்போகிற மனுஷன் எழுந்திருக்க மாட்டான் என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் பாயை விட்டு எழும்போது சத்தம் காட்டாமல்தான் எழுவாள். பக்கத்தில் கிடந்த சாம்பல் நிறத் தலையணை நெஞ்சுக்கூடு மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கை வைத்தால் மனுஷச் சூடு. காது வைத்தால் மூக்கில் காற்று போய்வருகிற சத்தம். சில நாள் அடுக்காக நாலைந்து தும்மல் வரும். "ஆயுசு நூறு" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். சொன்ன பிறகு என்ன பேச்சு இது என்று தன்னையே வைதுகொள்வாள்.

வெள்ளப்பாறை கிரஷரில் துளை மிஷின் பிடித்தவன் அய்யாக்கண்ணு. பாறையில் வெடி வைக்கத் துளை போடுகிற வேலை. துளைக்குள்ளிருந்து கிளம்புகிற வெள்ளைத் தூள் முதலில் முகத்துக்கு வரும், அப்புறம் நெஞ்சுக்குப் போகும். அங்கே வேலை பார்த்த எல்லோருக்கும் நெஞ்சில் ஒரு பட்டை மாட்டியிருந்தார்கள். விடுகிற மூச்சு, இழுக்கிற மூச்சு, கூடவே எவ்வளவு தூள் உள்ளே போகிறது என்பது வரை அது பதிந்து வைத்துக்கொள்ளும். ஆள் செத்துப்போனால் அந்தப் பதிவிலிருந்து மூச்சு வாங்கி விடுகிற தலையணை ஒன்றைச் செய்து குடும்பத்துக்குக் கொடுத்தது கம்பெனி. நஷ்டஈடு கேட்டுப் போன சங்கத்து ஆட்களுக்கு டீ வாங்கிக்கொடுத்துவிட்டு, பதினாறாம் நாள் மேனேஜரே தலையணையை ஏந்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார். தலையணை கொடுப்பது அவர்களுக்கு மலிவு.

முதலில் சிரித்தவர்கள்தான் எல்லோரும். பிறகு அந்தத் தெருவில் தலையணை இல்லாத வீடு குறைந்துபோனது.

கடைசி எட்டு மாதம் வீட்டில் கிடந்து அய்யாக்கண்ணு இழுத்த மூச்சு வேறு. அதைக் கேட்கமாட்டாமல் செங்கமலம் வாசலில் போய் உட்கார்ந்திருக்கிறாள். தலையணையில் வந்ததோ அலுங்காத மூச்சு. நல்லா இருந்த காலத்து மூச்சு என்று அவள் நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்துத்தான் பத்து வருடம் தூங்கினாள். மகள் இளவரசி திருப்பூருக்கு வந்துவிடு என்று கூப்பிட்டபோதெல்லாம், "அப்பாவைத் தனியா வுட்டுட்டா?" என்றாள்.

அன்றைக்குத் தண்ணீர் பிடித்துவிட்டு உள்ளே வரும்போது செல்போன் தானாகப் பேசியது. "தங்கள் உரிமையில் உள்ள பணிமூச்சுப் பதிவு வருகிற ஆகஸ்ட் பத்தாம் தேதியுடன் காலாவதியாகிறது. அன்று நண்பகல் முதல் பதிவும் அதன் சார்புக் கருவிகளும் செயலிழக்கும்."

செங்கமலம் அதை மூன்று தடவை பேசவைத்தாள். மூன்றாவது தடவைதான் 'சார்புக் கருவி' என்றது தலையணையைத்தான் என்று புரிந்தது.

*

பதிவுக் கெடு அலுவலகம் மாவட்டத் தலைநகரில் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்கு இளவரசி வயதுதான் இருக்கும். மேரி சுகந்தி என்று பெயர்ப்பலகை. தலையணையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள் செங்கமலம். துண்டு ஏறி இறங்குவதைப் பார்த்துப் பக்கத்து நாற்காலிக்காரர், "கோழியா?" என்றார்.

"எங்கூட்டுக்காரரு" என்றாள். அவர் வேறு நாற்காலிக்குப் போய்விட்டார்.

மேரி சுகந்தி பொறுமையாகத்தான் சொன்னாள். "ஒவ்வொண்ணுக்கும் ஒரு கெடு இருக்குதும்மா. கரண்டு பில்லு மூணு வருஷம். சம்பளப் பதிவு எட்டு வருஷம். வேலை நேரத்து மூச்சு, ஆள் செத்ததுலேருந்து பத்து வருஷம். அதுக்கு மேல யாருமே வச்சிருக்கக் கூடாது. கம்பெனியும் வச்சிருக்கக் கூடாது, நாங்களும் வச்சிருக்கக் கூடாது. நகல் எங்கயும் இருக்காது."

"நெலத்துப் பத்திரத்துக்கு?"

"அது நிரந்தரம்."

"நெலம் எங்கயும் ஓடிப்போவாது. அதுக்கு நிரந்தரம். ஓடிப்போற மூச்சுக்குப் பத்தாம்மா?"

மேரி சுகந்தி பேனாவை மூடி வைத்தாள். "இந்தச் சட்டமே ஒங்களுக்காக வந்ததும்மா. முந்தியெல்லாம் கம்பெனிக்காரன் தொழிலாளி மூச்சை இன்சூரன்சுக்காரனுக்கு வித்தான். அப்பனுக்கு இளைப்பு இருந்துச்சு, மவனுக்கு வேலை கெடையாதுன்னான். அதனாலதான் அழிச்சாகணும்னு போராடி வாங்கினாங்க."

செங்கமலத்துக்கு அந்தப் போராட்டம் நினைவிருந்தது. கிரஷர் வாசலில் பந்தல் போட்டு அய்யாக்கண்ணுவும் உண்ணாவிரதம் உட்கார்ந்தான். செத்தவன் மூச்சை விற்காதே என்று தொண்டை கிழியக் கத்தினான். இவள் மோர் கரைத்து எடுத்துக்கொண்டு போனாள். சட்டம் வந்த அன்றைக்குத் தெருவே கறி எடுத்தது.

"வேற வழியே இல்லியாம்மா?"

"நோய் மூச்சுன்னு வகை மாத்தினா முப்பது வருஷம் இருக்கும். நுரையீரல் நோய்ப் பதிவை அவ்ளோ நாள் வைக்கணும்னு விதி. ஆனா நோய் இருந்துச்சுன்னு அந்த மூச்சே சொல்லணும்."

"ரத்தம் கக்கித்தாம்மா செத்தாரு. அது சொல்லாம என்னா பண்ணும்?"

மேரி சுகந்தி தலையணையை வாங்கி ஒரு தட்டின்மேல் வைத்தாள். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நெற்றி சுருங்கியது. இன்னொரு தடவை வைத்துப் பார்த்தாள்.

"ம்மா, இதுல நோயே இல்லியே."

"நல்லாப் பாரும்மா."

"ரெண்டு தடவ பாத்துட்டேன். நெஞ்சுல துளித் தூசி இல்ல. குழியில எறங்கி மிஷின் புடிச்ச ஆளோட மூச்சே இல்லம்மா இது. நெழல்ல நின்னு வேலை செஞ்ச ஆளு. தெனம் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால வரிசையாத் தும்மல் வருது. அதுவும் தூசித் தும்மல் இல்ல, காரம் ஏறின தும்மல்னு காட்டுது."

செங்கமலம் அதை மனசுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால், காரம் ஏறி, தினமும். கிரஷரில் மெஸ் ஒன்று இருந்தது. அங்கே பெரிய இரும்புச் சட்டியில் சாம்பாருக்கு மிளகாய் தாளிக்கிற ஆள் ஒருவர் இருந்தார். அவர் பெயர் பழமலை.

பட்டை மாற்றுகிற வழக்கம் கிரஷர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். குழியில் இறங்குகிற ஆள் வருடத்துக்கு இவ்வளவு தூள்தான் தின்னலாம் என்று அரசாங்கம் அளவு வைத்திருந்தது. மற்ற வேலைக்காரர்கள் பட்டைக்கு அந்த அளவு கிடையாது. அந்த அளவு நிறைந்துவிட்டால் பட்டை சிவப்புக் காட்டும். சிவப்புக் காட்டினால் வருடம் திரும்புகிறவரை வேலை இல்லை, கூலியும் இல்லை. ஆளைக் காப்பாற்ற வந்த விதிதான். ஆனால் சும்மா இருக்கிறவன் வயிற்றுக்கு அந்த விதியில் ஒரு வரிகூட இல்லை. அதனால் குழியில் இறங்குகிறவன் தன் பட்டையை மெஸ்ஸிலோ எடைமேடையிலோ இருக்கிறவன் நெஞ்சில் மாட்டிவிட்டு, அவன் பட்டையைத் தான் மாட்டிக்கொண்டு இறங்குவான். அய்யாக்கண்ணுவும் மாற்றினான் என்று செங்கமலத்துக்குத் தெரியும். வருடக் கடைசியில் ஒரு மாதம் ஒன்றரை மாதம் இருக்கும் என்று நினைத்திருந்தாள். வருடம் பூராவுமா?

மேரி சுகந்தி குரலைத் தணித்தாள். "பட்டை மாத்திக்கிட்டாங்களாம்மா? மாத்தினது யாருன்னு தெரிஞ்சா ஒரு ஆட்சேபணை குடுங்க. ரெண்டு பதிவையும் ஒத்துப்பாத்து அவங்கவங்க மூச்சை அவங்கவங்க பேருக்கு மாத்திடலாம். ஒங்க வீட்டுக்காரரோடது நோய் மூச்சுன்னு முப்பது வருஷம் இருக்கும். அந்த ஆளோடதும் அழியாது, அவர் பேர்ல நிக்கும். ஆனா பத்தாம் தேதிக்குள்ள வரணும். அதுக்கப்புறம் சாமியே வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

"அந்த ஆளுக்கு எதுனா வருமா?"

"நுரையீரல் உதவித்தொகை வாங்குறாரா?"

செங்கமலம் துண்டை எடுத்துத் தலையணையைச் சுற்றினாள்.

"வாங்கினா நிறுத்துவாங்க. இதுவரைக்கும் வாங்கினதையும் திருப்பிக் கேப்பாங்க."

பஸ்ஸில் திரும்பி வரும்போது தலையணையை மடியில் வைக்கவா, சீட்டுக்குக் கீழே வைக்கவா என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் பக்கத்து சீட்டில் வைத்தாள்.

*

பழமலை வீடு மூன்றாவது ஊரில் இருந்தது. சர்க்கரை வியாதியில் வலது கால் போய்விட்டது என்று கேள்விப்பட்டிருந்தாள். அவள் வாசலில் நிற்கும்போது உள்ளே எண்ணெயில் மிளகாய் விழுந்த சத்தம் கேட்டது. கட்டிலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த கிழவர் மூக்கைச் சுருக்கினார். அடுக்காக ஐந்து தும்மல் தும்மினார்.

செங்கமலத்தின் வாய் "ஆயுசு" வரைக்கும் வந்து நின்றது. அதற்கு மேல் அவள் எதையும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை.

"யாரு, அய்யாக்கண்ணு வூட்டுக்காரியா? வா தங்கச்சி, ஒக்காரு" என்றார் பழமலை. "ஏ தைலம்மா, யாரு வந்துருக்குறா பாரு. ஆயுசெல்லாம் சமையக்காரன் நானு. இப்ப அவ தாளிக்கிறா, ஊரே இருமுது."

"ஆமா, இவரு தாளிச்சப்ப ஊரே சந்தனம் பூசிக்கிச்சு" என்று கரண்டியோடு வந்தாள் அவர் மனைவி தைலம்மாள்.

செங்கமலம் தலையணையைத் துண்டிலிருந்து எடுத்துக் கட்டிலில் வைத்தாள். "இது ஒங்க மூச்சுண்ணே."

பழமலை பூண்டைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் தலையணையையே பார்த்தார். முகம் கறுத்தது.

"மாட்டி வுட வந்தியா?"

"இல்லண்ணே. அவரு மூச்சு ஒங்க பேர்ல இருக்குமே. அதக் கேக்க வந்தேன்."

"அவன்தான் வந்து கேட்டான். ஒரே ஒரு மாசம்ண்ணே, பொண்ணு ஃபீஸ் கட்டணும்னான். அப்புறம் அடுத்த மாசம்னான். நாலு வருஷம் ஓடிப்போச்சு. நான் ஒண்ணும் பெருசா அவன்கிட்ட வாங்கலம்மா, பீடிதான். கிரஷரை மூடறப்ப பட்டையைப் பாத்துட்டு ஒனக்கு நெஞ்சு கெட்டுப்போச்சு, இந்தா உதவித்தொகைன்னாங்க. காலு போன நேரம். வாணாம்னு சொல்ல எனக்குத் தெம்பு இல்ல."

"நான் அதப் பத்திக் கேக்கலண்ணே. கேக்க வையுங்க."

உயிரோடு இருக்கிறவர்கள் தங்கள் பதிவைத் தங்கள் செல்போனிலேயே கேட்கலாம். பழமலை தேடி எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

முதலில் மிஷின் சத்தம் என்றுதான் நினைத்தாள். கல்லில் ரம்பம் இழுக்கிற மாதிரி. பிறகுதான் அது மூச்சு என்று தெரிந்தது. இழுக்கும்போது ஒரு விசில். விடும்போது சளி குமிழ் உடைகிற சத்தம். எட்டு மாதம் வீட்டில் கேட்ட அதே மூச்சு. ஆனால் இது சாவுக்கு மூன்று வருடம் முந்தியது என்று தேதி சொன்னது. அப்போது அவன் தினமும் சைக்கிள் மிதித்து வேலைக்குப் போய்வந்தான். வந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். என்ன என்றால் அசதி என்பான். தூங்குகிறபோது அவன் வாயில் துண்டைக் கடித்துக்கொண்டிருந்ததை அவள் ஒரு தடவை பார்த்திருக்கிறாள். ஏதோ சின்னப்பிள்ளைப் பழக்கம் என்று சிரித்திருக்கிறாள். இந்தச் சத்தம் அவள் காதுக்குப் போகக் கூடாது என்றுதான் கடித்திருக்கிறான்.

செல்போனில் மூச்சு சட்டென்று நின்றது.

"பயப்படாத" என்றார் பழமலை. "பாறையில சாஞ்சு ஒக்காந்துருப்பான். நான் மெஸ்ஸு சன்னல்லேருந்து பாப்பேன். கொஞ்ச நேரத்துல மறுபடி எந்திரிப்பான் பாரு."

ரம்பம் மறுபடி இழுக்கத் தொடங்கியது.

"அணைச்சிடுங்கண்ணே" என்றாள் செங்கமலம்.

அடுப்பில் ஏதோ அடிப்பிடித்த வாடை வந்தது. தைலம்மாள் போகவில்லை. கட்டிலில் கிடந்த தலையணையில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு புருஷன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். ரெண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின.

"அப்ப பத்து வருஷமா எங்காளப் பக்கத்துல போட்டுக்கிட்டா தூங்குன?"

செங்கமலம் தலையைக் குனிந்துகொண்டாள்.

தைலம்மாள் சிரித்துவிட்டாள். "அடி பாவி. இந்த ஆளு கொறட்டைக்குப் பயந்துகிட்டு நான் வாசல்ல படுக்குறேன். நீ ஆயுசுக்கும் பக்கத்துல வச்சிருந்துருக்க." சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைத்த பிறகு சிரிப்பு இல்லை. "தங்கச்சி, நீ ஆபீசுல போயி சொல்லிட்டீன்னா அந்தத் தொகை நின்னுடும். மருந்து ஊசியெல்லாம் அதுலதான் ஓடுது. வாங்குனதத் திருப்பிக் கேட்டா இந்தக் கூரையத்தான் பிரிச்சுக் குடுக்கணும். ஒன் ஆளு போயிட்டாரு. எங்காளு கெடக்குறாரு. வாயத் தொறக்காதம்மா. ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

"தொறக்கல அண்ணி" என்றாள் செங்கமலம்.

சாப்பிட்டுவிட்டுப் போ என்றார்கள். அவள் சாப்பிடவில்லை.

*

சொல்லிவிட்டாளே தவிர, அந்த மாதம் பூராவும் அவள் மனசு ஒரு நிலையில் இல்லை. ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் அய்யாக்கண்ணு முப்பது வருடம் இருப்பான். அவளுடைய ஆயுசே அவ்வளவு மீதியிருக்காது. துண்டைக் கடித்து அவளிடம் மறைத்த மூச்சு யாரோ ஒருவர் பேரில் கிடக்கிறது. அதை அவள் எடுத்துக்கொள்ளாமல் வேறு யார் எடுத்துக்கொள்வது? இரண்டு தடவை பஸ்ஸேறி மாவட்டத் தலைநகர் வரைக்கும் போனாள். இரண்டு தடவையும் அந்த ஒற்றைக் கால் நினைவுக்கு வந்து, காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

இதற்கிடையில் தலையணையைக் கூடத்தில் போட்டாள். அடுத்த வீட்டு ஆம்பளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது? தனியாகப் படுத்தால் தூக்கம் வரவில்லை. கூடத்திலிருந்து சத்தம் லேசாகக் கேட்கும்படி கதவைத் திறந்து வைத்தாள். அதற்கு மேல் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பத்து வருடப் பழக்கம் அது.

ஆகஸ்ட் பத்தாம் தேதி காலையில் மேரி சுகந்தியே போன் செய்தாள். "இன்னிக்குத்தாம்மா கடைசி. அந்த ஆளு யாருன்னு தெரியலியா?"

"தெரியலம்மா."

"நல்லா யோசிச்சுப் பாருங்க."

"தெரியலம்மா. வைக்கிறேன்."

உச்சி நேரத்தில் தலையணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எப்போதும்போல நாலைந்து தும்மல் தும்மியது. பிறகு காற்றை விட்டது. திரும்ப இழுக்கவில்லை. சூடு போக வெகுநேரம் பிடித்தது.

அன்றைக்குத் தெருவில் யாரிடமும் அவள் சொல்லவில்லை. சொன்னால் துக்கம் விசாரிக்க வருவார்கள். யாருக்கு என்று கேட்டால் யார் பேரைச் சொல்வது?

*

மாசி மாதம் பழமலை இறந்துபோனார். சேதி தெரிந்து போவதற்குள் எடுத்துவிட்டார்கள்.

பங்குனியில் ஒருநாள் மத்தியானம் தைலம்மாள் ஒரு சாக்குப்பையை இடுப்பில் தாங்கிக்கொண்டு வந்து நின்றாள். கிரஷர் பஸ் ஸ்டாப்பிலிருந்து வெயிலில் நடந்தே வந்திருக்கிறாள். பைக்குள்ளிருந்து ரம்பம் இழுக்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது.

"புடி" என்று அதைச் செங்கமலத்தின் கையில் வைத்தாள். "கம்பெனிதான் இல்லியே, ஆபீசுலேருந்து கொண்டாந்து குடுத்தாங்க. நம்ம ஆளு செத்தா நம்ம ஆளு மூச்சு வரும்னு பாத்தா, ஒன் ஆளைக் குடுத்துட்டுப் போயிட்டானுவ. ரா முச்சூடும் கெடந்து இழுக்குறான். கேக்க முடியல. பாவமா இருக்குது. ஒன் வூட்டுல வச்சுக்க."

புதுத் தலையணை, அதே சாம்பல் நிறம். செங்கமலம் இரண்டு கையாலும் வாங்கினாள்.

"ஒக்காருங்க அண்ணி. தண்ணி குடிங்க."

"ஒக்கார வரல. எங்காளு ஒங்கிட்டதான இருக்குறாரு? அவரக் குடு, போறேன்."

செங்கமலம் பரணைப் பார்த்தாள். அங்கே பழைய துணிகளுக்கு நடுவில் அது கிடந்தது.

"நின்னுபோச்சு அண்ணி."

"நின்னா என்னா? வெயில்ல வச்சா ஓடும்ல?"

"ஓடாது. பத்து வருஷந்தான் கெடு. ஆகஸ்டு மாசத்தோட அழிச்சுட்டாங்க. நகலும் கெடையாது."

தைலம்மாளுக்கு விளங்க நேரம் பிடித்தது. விளங்கிய பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "நீ எழுதிக் குடுத்திருந்தா இருந்திருக்குமா?"

செங்கமலம் இல்லை என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தாள். பொய் வரவில்லை. "இருந்திருக்கும். அவரு பேர்லயே."

"நாந்தான வாயத் தொறக்காதன்னேன்."

"நீங்க என்னா பண்ணுவீங்க அண்ணி."

"நாந்தான சொன்னேன்" என்று மறுபடியும் சொன்னாள் தைலம்மாள். வேறு யாரையோ பற்றிப் பேசுகிற மாதிரி சொன்னாள். "அது எங்க? எடு."

செங்கமலம் பரணிலிருந்து எடுத்துத் தூசு தட்டிக் கொடுத்தாள். தைலம்மாள் சுவரோரம் உட்கார்ந்து அதை மடியில் போட்டுக்கொண்டாள். கை வைத்துப் பார்த்தாள். குனிந்து காது வைத்தாள். நிமிர்ந்து, கோபமாக ஒரு தட்டு தட்டினாள். மறுபடி காது வைத்தாள்.

"சனியன் புடிச்ச கொறட்டை" என்றாள். "வாசல்லயே படுத்துட்டனே. ஒரு நா உள்ள படுத்தனா?"

செங்கமலம் எழுந்து அடுப்படிக்குப் போனாள். வெயிலில் நடந்து வந்தவளைப் பசியோடு அனுப்ப முடியாது. காலையில் வடித்த சோறு இருந்தது. ரசம் வைத்துவிடலாம் என்று புளியைக் கரைத்தாள். எண்ணெய் காய்ந்ததும் கடுகைப் போட்டாள். மிளகாயைக் கிள்ளிப் போட்ட பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது. அதற்குள் புகை கூடத்துக்குப் போய்விட்டது.

எட்டிப் பார்த்தாள். தைலம்மாள் மூச்சை அடக்கிக்கொண்டு மடியில் கிடந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள். காரம் ஏறி அவள் தும்மினாள். அடுப்படியில் செங்கமலமும் தும்மினாள்.

மடியில் கிடந்தது தும்மவில்லை. மூலையில் அய்யாக்கண்ணு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தான். இன்னும் முப்பது வருடத்துக்கு இழுப்பான்.